கிளைமாக்ஸ் அக்கா நடித்த ஆறு நிமிடப் படம்

திரில்லர் படம் ஓடும்போது கிளைமாக்ஸ் அக்காவின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது அந்த நாலு மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்கா சோபாவில் கொஞ்சம் முன்னால் நகர்வாள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாள், "டாக்டர்தான்" என்பாள். அவ்வளவுதான். அதன் பிறகு போலீஸ் யாரைத் துரத்தினால் என்ன, யார் வீட்டில் கத்தி கிடைத்தால் என்ன? ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் கையில் விலங்கு மாட்டுவார்கள். அக்கா எழுந்து போய்க் காபி போடுவாள்.

கல்யாணமான புதிதில் கணவர் அவளைத் தியேட்டருக்கு அழைத்துப்போனார். அன்றைக்கும் இப்படித்தான். "அந்தச் சித்தப்பாதாங்க" என்று அவள் சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது. முன்வரிசைக்காரர் குடும்பத்தோடு எழுந்து வேறு மூலைக்குப் போனார். இடைவேளையில் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "அதெல்லாம் விடுங்க சார், சித்தப்பா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று அவர் கெஞ்சினாராம். சித்தப்பாதான்.

அந்தக் கணவருக்கு மின்விசிறியும் மோட்டாரும் பழுது பார்க்கிற கடை. வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். திரில்லர் படம் என்றால் உயிர். இருபத்து மூன்று வருடத்தில் வீட்டில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் திடுக்கிட்டுப் பார்த்ததில்லை. பிறகு கடையில், பிரித்துப் போட்ட விசிறிகளுக்கு நடுவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகப் பார்க்கப் பழகினார். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அக்கா கடைக்கு வந்தாள். திரையை இரண்டு நொடி பார்த்திருப்பாள். "இந்த வக்கீலா? அவன்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். மனிதர் அன்று முழுக்க ஒரு விசிறிக்கும் இறக்கையைச் சரியாக மாட்டவில்லை.

அக்காவுக்கு இந்தத் திறமை வானத்திலிருந்து விழவில்லை. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகம் என்று ஒன்று உண்டு. பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிறவற்றையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து சேர்ப்பார்கள். குடைகள், மதிய உணவு டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, பறவை இல்லாத பறவைக்கூண்டு, வருடத்துக்கு நாலைந்து பல்செட். அக்கா ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட அட்டையை நூலில் கட்டி, நூலை வெட்டி, பதிவேட்டில் எழுதி, அடுக்கில் வைப்பாள். தொண்ணூறு நாளைக்குள் சொந்தக்காரர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் அல்லாதவர்களும் வருவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் யார் என்று பார்த்ததும் சொல்வதுதான் அவளுக்கு இருபத்தைந்து வருட வேலை.

இவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் காட்சி ஊடகம் இரண்டாம் ஆண்டு படித்தாள். அந்தப் பருவத்தில் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஆறு நிமிடத்தில் ஒரு திரில்லர் எடுக்க வேண்டும். இந்த மாதிரிப் படங்களுக்கென்று இருக்கிற வழக்கங்களில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டோம், எதை உடைத்தோம், ஏன் உடைத்தோம் என்று நாலு பக்கம் எழுதியும் தர வேண்டும். மகள் இதோடு தன் கணக்கில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டாள்: அம்மா கண்டுபிடிக்கக் கூடாது.

முதல் கதையில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரோ போன் செய்து மிரட்டுகிறார்கள். அவளுக்குத் துணையாக ஒரு தோழி வருகிறாள். மகள் காட்சிகளைச் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். அம்மா தட்டை வைக்க இடம் தேடித் தாளை நகர்த்தினாள்.

"தோழிதானே?"

"அம்மா! நீ படிக்கவே இல்லையே!"

"மூணாவது கட்டத்துல வர்றா, வந்த உடனே கதவைப் பூட்டுறா. பயந்தவ வீட்டுக்கு வர்றவங்க முதல்ல லைட்டைப் போடுவாங்க, பூட்ட மாட்டாங்க."

இரண்டாவது கதையில் மிரட்டுகிறவளும் மிரளுகிறவளும் ஒரே ஆள், எல்லாம் அவள் மனதில் நடக்கிறது. அம்மா அதைக் குழம்பைக் கிளறிக்கொண்டே முடித்துவிட்டாள். "மேஜையில ரெண்டு காபி இருக்கு, ஒண்ணுதான் குறையுது. அவளேதான்." மூன்றாவதில் ஆளில்லாத தெருவில் ஒரு பெண்ணை ஒருவன் பின்தொடர்கிறான். தொப்பி, நிழல், காலடிச் சத்தம் எல்லாம் உண்டு. "பர்ஸைக் குடுக்க வர்றான், பாவம்" என்றாள் அம்மா. "இந்த மாதிரி நல்லவன் நம்ம ஆபீசுக்கு வாரத்துக்கு ரெண்டு பேர் வருவாங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கடைக்குப் போனாள். கூடவே அவளுடைய வகுப்புத் தோழன், படத்துக்குக் கேமராக்காரன். கேமராவின் மூன்றுகால் ஸ்டாண்டை எப்போதும் தோளில் சுமந்து திரிவதால் வகுப்பில் அவனுக்கு முக்காலி என்றே பெயர். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மகள் கேட்டதே இல்லை.

"உங்கம்மா படத்தைப் பாக்கறதில்ல. எடுத்தவன் எதை மறைக்கிறான்னு பாக்கறா. கவுண்டர்ல நிக்கிறவனைப் பாக்கற மாதிரி. மறைச்சா மாட்டிக்குவ. அதனால எதையும் மறைக்காத. யார் கொலைகாரின்னு முதல் வரியிலயே எழுதிப் போட்டுடு."

"அப்புறம் திரில்லே இல்லையேப்பா?"

"கொலைகாரி யாருன்னு தெரிஞ்சு, அவ எதிர்ல ஒருத்தன் தெரியாம நின்னான்னா?"

"சரி, கொலைகாரியா யார் நடிக்கிறது?" என்றான் முக்காலி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இருபத்து மூன்று வருடம் பொறுத்த மனிதர்.

அம்மாவிடம் அவர்கள் சொன்னது இதுதான்: அவளுடைய வேலையைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கிறார்கள். அவள் தன்பாட்டுக்கு வேலை செய்தால் போதும், செய்துகொண்டே அதைப் பற்றிப் பேச வேண்டும். மேலாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று.

அக்காவின் கண் அன்றைக்கு ஏன் ஏமாந்து போயிற்று என்று பிறகு எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காரணம் எளிது. இருபத்தைந்து வருடத்தில் அவள் வேலையைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது பெற்ற மகளே கேமராவோடு வந்து, "சொல்லும்மா" என்கிறாள். அவள் துவைத்து வைத்திருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பேருந்து ஏறுவதற்குள் என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனாள்.

மூன்று நாள் எடுத்தார்கள். அவள் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். முக்காலி அவள் நூலை வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் பதினோரு தடவை எடுத்தான்.

"ஏம்ப்பா, கத்தரிக்கோல்ல அப்படி என்ன இருக்கு?"

"ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது ஆன்ட்டி."

"ஓ" என்று நம்பிவிட்டாள், கிளைமாக்ஸ் அக்கா!

கடைசி நாள் ஒரு ஆள் வந்து பெட்டி கேட்பது போல ஒரு காட்சி வேண்டும் என்றாள் மகள். அந்த ஆளாக வந்து நின்றவர் கணவர். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் புருஷன் பெண்டாட்டி எல்லாம் கிடையாது. "எந்த பஸ்? எத்தனை மணி? எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?" என்று ஆரம்பித்தாள். அவர் ஒப்பித்துக்கொண்டு வந்தபடி, பழுப்புப் பெட்டி, இடது பூட்டில் துரு, கைப்பிடியில் கறுப்பு டேப் மூன்று சுற்று என்று மூச்சுவிடாமல் சொன்னார். அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். கணவருக்கு நெற்றியில் வேர்த்தது, கழுத்தில் வேர்த்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போன மாதம் அவளுக்குத் தெரியாமல் உடைத்த கண்ணாடிக் கிண்ணம்கூட ஞாபகம் வந்துவிட்டது என்று பிறகு மகளிடம் சொன்னார்.

படங்களைப் போட்டுக் காட்டியது ஒரு பிற்பகலில், கல்லூரிக் கருத்தரங்கு அறையில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பெற்றோரும் வந்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது படம். ஆவணப்படத்தை எதற்குத் திரில்லர்களோடு போடுகிறார்கள் என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடறாங்கம்மா" என்றாள் மகள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

முதல் ஐந்து படத்துக்கும் அக்கா நல்ல ஃபார்மில் இருந்தாள். "குழாய் சொட்டுது. இப்ப குளியலறைக்குப் போவா பாருங்க." போனாள். "பூனைதான், பயப்படாதீங்க. பூனை போனப்புறம்தான் ஆள் வருவான்." வந்தான். "டார்ச் அணையப் போகுது." அணைந்தது. முன்னால் இருந்த ஆசிரியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை, பார்க்காமலே ஏதோ குறித்துக்கொண்டார்.

ஆறாவது படம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: "இந்தப் பெண் ஒரு கொலை செய்திருக்கிறாள். அதற்கான தடயம் அவள் பின்னால் உள்ள பெட்டியில் இருக்கிறது."

அடுத்து, எட்டடி உயரத்துக்குக் கிளைமாக்ஸ் அக்காவின் முகம்.

அக்கா முன்னால் நகர்ந்தவள் நகர்ந்தபடியே இருந்தாள். திரையில் இருள் இல்லை, மழை இல்லை, தொப்பிக்காரன் இல்லை. பளிச்சென்று மூன்று டியூப்லைட் எரிகிற அலுவலகம். அதில் ஒரு நடுவயதுப் பெண் விரலை நாக்கில் தொட்டுப் பதிவேட்டைப் புரட்டுகிறாள். அட்டையைக் கட்டுகிறாள். கீழே எங்கோ ஆழத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு இசை. கத்தரிக்கோல் திறக்கிறது. நூல் அறுகிறது. முன்வரிசையில் ஒரு தகப்பனார் "ஐயோ" என்றார். முத்திரை குத்தும் சத்தத்துக்கு இரண்டு பேர் நாற்காலியில் துள்ளினார்கள்.

பிறகு கண்ணாடித் தடுப்புக்கு முன் ஒரு ஆள் வந்து நின்றான். அப்பாவி. அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்க்கிறாள். அவனுக்கு வேர்க்கிறது. அவள் கை மெதுவாகக் கத்தரிக்கோல் பக்கம் போகிறது.

அக்கா பக்கத்தில் இருந்த கணவரின் கையை இறுக்கிப் பிடித்தாள். "என்னங்க, ஓடிடுங்க!" என்றாள்.

அது நாலு வரிசைக்குக் கேட்டது.

படத்தில் அந்த ஆள் தடுமாறித் திரும்பிப் போனான். அவள் பெட்டியை அடுக்கில் இன்னும் ஒரு தட்டு உள்ளே தள்ளிவைத்தாள், மேஜையைத் துடைத்தாள், நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். படம் முடிந்தது. யாரும் பிடிபடவில்லை, போலீஸ் வரவில்லை. அப்புறம் அறை அதிர்ந்தது. கைதட்டல் ஓய்ந்தும் அக்கா கணவரின் கையை விடவில்லை. அவருக்கு விரல் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது மகள் ஓடிவந்தாள். "அம்மா, கோபமா?"

"கோபம் எதுக்கு? நல்லாதான் இருந்துது." அக்கா பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "நான் பேசினது எங்க?"

முதல் வேலையாக ஒலியை அணைத்து, அவள் பேச்சையெல்லாம் படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அதைக் கேட்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் ஒரு திரில்லர் வந்தது. கணவர் பயந்துகொண்டே வைத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அக்கா சோபாவில் சாய்ந்தபடி பார்த்தாள், ஒரு பெயரும் சொல்லவில்லை. இதற்காகத் தவம் கிடந்த மனிதர் சந்தோஷமாகப் பார்த்திருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. திரையில் யார் யாரைக் கொன்றார்கள் என்றே அவர் மனதில் ஏறவில்லை. பக்கவாட்டில் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார்.

"யாரும்மா? அந்தத் தோட்டக்காரனா?"

"தெரியலைங்க" என்றாள் அக்கா.

அவர் டிவியை அணைத்துவிட்டார்.

மறுநாள் ஆசிரியை மகளையும் முக்காலியையும் கூப்பிட்டார். வெளிச்சத்தில் பயத்தைக் காட்டியது பிடித்திருக்கிறது, குற்றவாளியை முதலிலேயே சொன்னதும், தண்டிக்காமல் விட்டதும் பிடித்திருக்கிறது என்றார். பிறகு, "ஆனா மியூசிக்கை எடுத்துட்டா உங்க படத்துல என்ன மிச்சம்? ரசிகனைப் பயப்படுன்னு பிடிச்சுத் தள்றது அதுதானே. மத்த எட்டுப் படத்துலயும் அதே 'ம்ம்ம்'தான். ஒரு வாரம் தர்றேன்" என்றார்.

மகள் அன்று பகல் முழுக்க எடிட்டிங் அறையில் உட்கார்ந்தாள். இசையை எடுத்தாள். படம் செத்த மீன் மாதிரி கிடந்தது. வேறு வழி தெரியாமல், மூல ஒலியைத் திறந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மணி நாற்பது நிமிடம் அம்மா பேசியிருந்தாள்.

பல்செட்டைத் தேடி வந்த ஒருவர் மூன்று செட்டை வாயில் போட்டுப் பார்த்து, மூன்றும் தனதுதான் என்று சொன்ன கதை இருந்தது. ஒன்றுமே தொலைக்காமல், அடுக்கைப் பார்த்துவிட்டுப் போவதற்கென்று வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஒரு பெரிய மனிதரின் கதை இருந்தது. "பொருளோட நிஜமான சொந்தக்காரங்களுக்கு அதோட கலர்கூட சரியாத் தெரியாது" என்றாள் அம்மாவின் குரல், நூலை வெட்டிக்கொண்டே. "நம்மளோடதை நாம எங்க பாக்கறோம்? எல்லாம் கரெக்டா சொல்றான் பாரு, அவன்தான் திருட வந்தவன். இன்னொண்ணு. தொலைச்சவங்க வந்ததும் முதல்ல ஸாரி சொல்லுவாங்க. என்கிட்ட எதுக்கு சொல்றாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. திருட வந்தவன் ஒருநாளும் சொன்னதில்ல."

மகள் காதிலிருந்து கழற்றினாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கேட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் கதவருகே நின்றாள்.

"ஸாரிம்மா."

அம்மா நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "என்னத்தைத் தொலைச்ச?"

மகள் சிரிக்க நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. அம்மா மடித்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அந்த வாரத்தில் மூன்று மாலை அக்காவும் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தாள். இசைக்குப் பதிலாக அவள் குரலையே வைத்தார்கள். திரையில் அவள் கொலைகாரி. குரலில் அவள் வெகு சாதாரணமாக, சாயங்காலம் என்ன சமைப்பது என்று பேசுகிற தொனியில், எதிரில் நிற்கிறவன் பொய் சொல்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என விளக்குகிறாள். முக்காலி முதல் தடவை அதைக் கேட்டதும், "ஆன்ட்டி, இது முன்ன இருந்ததைவிட பயமா இருக்கு" என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"பயமுறுத்தறதுக்கு நான் ஒண்ணுமே சொல்லலையேப்பா."

"அதான் ஆன்ட்டி."

விரலை நாக்கில் தொடும் காட்சியை எடுத்துவிடச் சொன்னாள், மகள் மறுத்துவிட்டாள். கணவருக்கு வேர்க்கும் காட்சியை இன்னும் நீட்டச் சொன்னாள். அதை உடனே நீட்டினார்கள். "நிஜமா எதை நினைச்சு இப்படி வேர்த்தீங்க?" என்று அன்று மாலை அவரைக் கேட்டாள். கிண்ணத்தின் கதை வெளியே வந்தது.

மகள் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தில் ஆசிரியை ஒரு பத்திக்கு அடிக்கோடு போட்டிருந்தார். "திரில்லரில் ஒரு பெண் பெரும்பாலும் ஓடுகிறவளாகவோ கிடக்கிறவளாகவோ வருகிறாள். நாங்கள் அவளை உட்காரவைத்து வேலை செய்ய விட்டோம். முதல் வடிவத்தில் அவளைப் பேச விடவில்லை. அது நாங்கள் உடைக்க மறந்த வழக்கம்." வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். அதை மகள் போனில் சொன்னபோது அக்கா கவுண்டரில் இருந்தாள். "சரி சரி, ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு ஒரு குடைக்காரருக்கு, கேட்காமலே, குடையோடு பதிவேட்டின் கதை முழுவதையும் சொல்லி அனுப்பினாள்.

படம் கல்லூரி விழாவில் ஓடி, பிறகு கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்ததும்தான் அலுவலகத்தில் தொல்லை. பழுப்புப் பெட்டி, இடது பூட்டில் துரு என்கிற மாதிரி ஒப்பித்துக்கொண்டு வருகிற திருடர்கள் அக்காவின் கவுண்டரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நேரே பக்கத்துக் கவுண்டருக்குப் போனார்கள். அங்கே இருப்பவர் மென்மையான மனிதர், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இரண்டு வாரத்தில் ஏழு குடை, ஒரு பறவைக்கூண்டு போய்விட்டது. மேலாளர் இருவருக்கும் இடத்தை மாற்றினார். வரிசையும் கூடவே மாறிற்று. கடைசியில் ஒரு கவுண்டரை மூடிவிட்டு, வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அக்காவிடம்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அடுத்த ஆண்டு வகுப்பிலிருந்து இரண்டு மாணவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய திரில்லரில் ஒரு வேடம் இருக்கிறதாம்.

"என்ன வேஷம்?"

"பிணம் ஆன்ட்டி. படம் பூரா இருப்பீங்க."

"வசனம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கதையை மாத்தி எழுதிட்டு வாங்க" என்றாள் அக்கா. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ஸாரி, இங்கேதான் கேட்கணுமா என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். அக்கா மாணவர்களைக் கையால் ஒதுங்கச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா. எந்த பஸ்?"